டேட்டாபேஸ் செட்டிங்குகளுக்கான காரணத்தை எங்கே எழுதி வைப்பது?

டேட்டாபேஸ் சர்வரின் செட்டிங் கோப்பில் ஷேர்டு பஃபர்ஸ் (டேட்டாவை வைத்துக்கொள்ள சர்வர் ஒதுக்கும் நினைவகம்) 4 ஜிபி என்று இருக்கிறது. ஏன் 4? முன்பு என்ன இருந்தது? ராம் கூட்டியாகிவிட்டதே, இப்போது ஏற்றலாமா? இதற்கெல்லாம் பதில் பல அலுவலகங்களில் ஒரே ஒருவர் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ வேலை மாறிப் போன மறுநாளிலிருந்து அந்த எண்ணைத் தொட யாருக்கும் துணிவு வராது. இல்லாவிட்டால் விவரம் தெரியாமல் தொட்டுவிடுவார்கள். இரண்டுமே கெடுதல்.

இதற்கு ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும். எண்ணை மாற்ற வருகிறவர் எந்தக் கோப்பைத் திறப்பாரோ அந்தக் கோப்பிலேயே, அந்த எண்ணுக்கு நேர் மேலே, காரணம் இருக்க வேண்டும். எக்செல் பட்டியல், விக்கி பக்கம், வாட்ஸ்அப் குழு எல்லாம் அதற்கு அப்புறம்தான். ராத்திரி பதினோரு மணிக்கு சர்வர் நின்றுபோய் கோப்பைத் திறந்தவர் விக்கியைத் தேடிப் போகமாட்டார்.

விதி எளிது. ஆனால் எல்லா செட்டிங்கும் ஒரே கோப்பில் இருப்பதில்லை. சிலவற்றுக்குக் கோப்பே கிடையாது. அங்கேதான் வேலை இருக்கிறது. விளக்கத்துக்கு, கும்பகோணம் பக்கத்து நவீன அரிசி ஆலை ஒன்றை வைத்துக்கொள்வோம். 16 ஜிபி ராம், உபுண்டு லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் 16 என்ற டேட்டாபேஸ் மென்பொருள். எடைமேடை, பில்லிங், குடோன் இருப்பு, கணக்கு நான்கும் ஒரே டேட்டாபேஸில். தை, மாசியில் சம்பா அறுவடை வந்துவிட்டால் எடைமேடையில் லாரி வரிசை நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய்ப் போய் வரும். இந்த இரண்டும் செட்டிங்குகளைப் பாதிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

செட்டிங் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பில் அவை ஆங்கில எழுத்தில், சொல்லுக்குச் சொல் அடிக்கோட்டுடன் இருக்கும்.

முதலில் எந்த மடை என்று பாருங்கள்

கல்லணையில் தண்ணீர் எவ்வளவு திறந்தாலும், வயலுக்கு முந்தைய மடையில் பலகை இறக்கியிருந்தால் கடைமடைக்காரருக்கு ஒன்றும் வராது. போஸ்ட்கிரெஸ் செட்டிங்கும் அப்படித்தான் இறங்கி வருகிறது. அடியில் சர்வரோடு வரும் இயல்பு மதிப்பு. அதை மாற்றுவது போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃப். அதை மாற்றுவது போஸ்ட்கிரெஸ்கியூஎல்.ஆட்டோ.கான்ஃப். அதற்கு மேல் சர்வரைத் தொடங்கும்போது கட்டளை வரியில் தரும் மதிப்பு. பிறகு ஒரு டேட்டாபேஸுக்கென்று வைத்தது, ஒரு ரோலுக்கென்று (டேட்டாபேஸில் நுழையும் பயனர் கணக்கு) வைத்தது, ஒரு டேட்டாபேஸில் ஒரு ரோலுக்கென்று வைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த செஷனில், அதாவது அந்த ஓர் இணைப்பில், செட் கட்டளையால் வைத்தது. கடைசி மடைதான் ஜெயிக்கும். எனவே மதிப்பு எந்த மடையில் வைக்கப்பட்டதோ, காரணத்தையும் அதே மடையில் எழுத வேண்டும்.

இப்போது எது எங்கிருந்து வருகிறது என்பதை சர்வரையே கேட்கலாம். பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைக் கருவியில் நுழைந்து ஷோ கான்ஃபிக்_ஃபைல், ஷோ ஹெச்பிஏ_ஃபைல், ஷோ டேட்டா_டைரக்டரி மூன்றையும் கொடுத்துப் பாதைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். உபுண்டுவிலும் டெபியனிலும் முதல் இரண்டும் எட்ஸி ஃபோல்டருக்குள் இருக்கும். டேட்டா தனியே வார் ஃபோல்டருக்குள். ரெட்ஹாட் வகையில் மூன்றும் டேட்டா ஃபோல்டரிலேயே இருக்கும். இந்த வேறுபாடு பேக்கப் எடுக்கும்போது கடிக்கும், கீழே சொல்கிறோம்.

அடுத்து பிஜி_செட்டிங்ஸ் என்ற வியூவை (டேபிள் போலப் படிக்கக்கூடிய பட்டியல்) பாருங்கள்:

செலக்ட் நேம், செட்டிங், யூனிட், சோர்ஸ், சோர்ஸ்ஃபைல், சோர்ஸ்லைன் ஃப்ரம் பிஜி_செட்டிங்ஸ் வேர் சோர்ஸ் நாட் இன் ('டிஃபால்ட்', 'ஓவர்ரைடு');

இயல்பிலிருந்து மாற்றப்பட்ட ஒவ்வொன்றும் வரும்; கோப்பில் வைத்தவை எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்பதோடு வரும். சோர்ஸ் 'கிளையண்ட்' என்று இருப்பவை நீங்கள் இணைந்ததால் வந்தவை, விட்டுவிடலாம். கோப்பிலிருந்து வந்தவற்றுக்கும் சோர்ஸ்ஃபைல் காலியாக வந்தால் உங்கள் ரோலுக்கு உரிமை போதவில்லை. சூப்பர்யூசராகவோ, பிஜி_ரீட்_ஆல்_செட்டிங்ஸ் ரோலில் சேர்ந்தவராகவோ இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 15 முதல் பிஎஸ்கியூஎல்-இல் \டிகான்ஃபிக் என்று அடித்தாலே மாற்றப்பட்டவை மட்டும் பட்டியலாக வந்துவிடும்.

இந்தப் பட்டியலை அப்படியே நம்பிவிடக் கூடாது. யூனிட் பார்க்காமல் படித்தால் தவறு வரும்: ஷேர்டு பஃபர்ஸ் 4 ஜிபி என்பது இங்கே 524288 என்று தெரியும், யூனிட் 8 கேபி. இன்னொன்று, மற்ற ரோலுக்கென்று வைத்தவை இதில் வரவே வராது, ஏனென்றால் நீங்கள் இணைந்திருப்பது போஸ்ட்கிரெஸ் ரோலில். அவற்றைப் பார்க்க \டிஆர்டிஎஸ் கொடுங்கள். "கோப்பில் மாற்றிவிட்டேன், பில்லிங்கில் மட்டும் மாறவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

உங்கள் மாற்றங்களுக்கென்று ஒரு கோப்பு

சர்வரோடு வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃப் பல நூறு வரி. அதற்குள் உங்கள் எட்டு மாற்றம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதைத் தொடாமல் விட்டுவிட்டு, கான்ஃப்.டி ஃபோல்டரில் 50-ஆலை.கான்ஃப் என்பது போல் ஒரு கோப்பைத் தொடங்குங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. டெபியன், உபுண்டுவில் இந்த ஃபோல்டர் முன்பே இணைக்கப்பட்டிருக்கும். மற்ற இடங்களில் இன்க்ளூட்_டிர் வரியை நீங்களே சேர்க்க வேண்டும், அதுவும் முதன்மைக் கோப்பின் கடைசி வரியாக. ஒரே செட்டிங் இரண்டு இடத்தில் இருந்தால் பின்னால் படிக்கப்படுவதே நிற்கும் என்பதால், இன்க்ளூட் வரிக்குக் கீழே பழைய மதிப்பு ஒன்று கிடந்தால் உங்கள் கோப்பு வீணாகிவிடும்.

அந்த ஃபோல்டரில் .கான்ஃப் என்று முடிகிற கோப்புகள் மட்டுமே படிக்கப்படும். புள்ளியில் தொடங்குபவை படிக்கப்படாது. பெயர் வரிசையில், எண்கள் எழுத்துகளுக்கு முன்பாக, படிக்கப்படும். ஆகவே 50, 90 என்று எண் போட்டுப் பெயரிட்டால் எது எதை மீறுகிறது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

முதன்மைக் கோப்பிலேயே மாற்றம் செய்துவந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே # போட்டு அடைத்திருக்கும் வரிகள் இயல்பு மதிப்பைக் காட்டுகின்றன. எண்ணை மாற்றிவிட்டு # எடுக்க மறந்தால் ஒன்றும் நடக்காது. அதைவிட மோசம், பழைய மதிப்பை "ஞாபகத்துக்கு" # போட்டு விட்டுவைப்பது. ஷேர்டு பஃபர்ஸ் 2 ஜிபி என்று அடைத்த வரியைப் பார்க்கும் புதியவர் அதுதான் இயல்பு மதிப்பு என்று நினைப்பார். உண்மையில் இயல்பு 128 எம்பி. பழைய மதிப்பைக் காரணக் குறிப்பில் எழுதுங்கள், செத்த வரியாக விட்டுவைக்காதீர்கள்.

ஒரு குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும்

மாற்றிய தேதி, முந்தைய மதிப்பு, ரீஸ்டார்ட் வேண்டுமா (இல்லை, சர்வரை நிறுத்தாமல் கோப்பைத் திரும்பப் படிக்க வைக்கும் ரீலோடு போதுமா), இந்த எண் எந்தக் கணக்கில் வந்தது, எது மாறினால் இதைத் திரும்பப் பார்க்க வேண்டும். இந்த ஐந்தும் இருந்தால் போதும். ஆலையின் கோப்பு இப்படி இருக்கலாம்:

# 2025-01-06 | முன்பு 128எம்பி, இயல்பு | ரீஸ்டார்ட் வேண்டும்
# ராம் 16ஜிபி, அதில் கால் பங்கு. பில்லிங் ஆப்பும் இதே மெஷினில் ஓடுவதால் மேலே போக வேண்டாம்.
# ராம் மாறினாலோ, ஆப் வேறு மெஷினுக்குப் போனாலோ திரும்பப் பார்க்க.
ஷேர்டு_பஃபர்ஸ் = 4ஜிபி

# 2025-01-06 | முன்பு 100, இயல்பு | ரீஸ்டார்ட் வேண்டும்
# எடைமேடை 6 + பில்லிங் 24 + குடோன் 10 + கணக்கு 10 + அறிக்கை 4 = 54. பராமரிப்புக்கு 6.
# ஆப்களின் பூல் (ஆப் திறந்து வைத்திருக்கும் இணைப்புகள்) அளவு மாறினால் இங்கே கூட்டிப் பார்க்க.
மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் = 60

# 2025-01-06 | முன்பு 4எம்பி, இயல்பு | ரீலோடு போதும்
# 60 இணைப்பு x 16எம்பி x 3 வேலை = சுமார் 2.8ஜிபி. அறிக்கை ரோலுக்குத் தனி மதிப்பு உண்டு: ரோல்-செட்டிங்.எஸ்கியூஎல் பார்க்க.
ஒர்க்_மெம் = 16எம்பி

மூன்றாவதில் உள்ள பெருக்கல்தான் குறிப்பின் உயிர். ஒர்க் மெம் (குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, ஓடும்போது எடுக்கும் நினைவகம்) என்பது இணைப்புக்கு ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட் (வரிசைப்படுத்தல்), ஹேஷ் (பொருத்திச் சேர்த்தல்) வேலைக்கும் அது தனித்தனியாக எடுக்கப்படும். போஸ்ட்கிரெஸ் 15 முதல் ஹேஷ் வேலை இதைப் போல் இரு மடங்கு வரை எடுக்க அனுமதி உண்டு. மாத இறுதி அறிக்கை மெதுவாக வருகிறது என்று யாரோ கோப்பில் 256 எம்பி என்று மாற்றினால், 60 இணைப்பும் ஒரே ஒரு சார்ட் செய்தாலே 15 ஜிபி. மெஷினில் இருப்பதே 16. அப்புறம் லினக்ஸ் நினைவகம் போதாமல் போஸ்ட்கிரெஸ் பிராசஸைக் கொல்லும். லாரி வரிசை நிற்கும்போது எடைமேடை நின்றுபோகும். கணக்கு எழுதியிருந்தால் அந்தக் கை எண்ணை மாற்றும் முன் ஒரு முறை பெருக்கிப் பார்த்திருக்கும்.

"வேகத்துக்காக" என்று மட்டும் எழுதுவது குறிப்பு ஆகாது. எந்த வேலை மெதுவாக இருந்தது, எத்தனை விநாடியிலிருந்து எத்தனை விநாடிக்கு வந்தது என்று எழுதுங்கள்.

தீங்கு செய்யக்கூடிய செட்டிங்குகளுக்கு, என்ன இழக்க ஒப்புக்கொண்டோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். சின்க்ரனஸ்_கமிட் (கமிட், அதாவது பதிவை உறுதிசெய்வது, டிஸ்கில் எழுதி முடியும்வரை காத்திருக்கும் செட்டிங்) இதற்கு நல்ல உதாரணம். பதிவு வேகமாக வேண்டுமென்று அதை ஆஃப் செய்தால், கரண்ட் போய் சர்வர் விழும்போது கடைசியாக கமிட் ஆனவை தொலையலாம். வால் என்பது மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் பதிவேடு; அதை எழுதும் இடைவெளியான வால்_ரைட்டர்_டிலே இயல்பான 200 மில்லிசெகண்டில் இருந்தால் அதிகபட்சம் அதன் மூன்று மடங்கு, அதாவது சுமார் 0.6 விநாடி வேலை. டேட்டாபேஸ் உடையாது. ஆனால் எடைச்சீட்டு அச்சாகி லாரி டிரைவர் கையில் போயிருக்கும். டேபிளில் அந்த வரி இருக்காது. அறிக்கைக்கான தற்காலிக டேபிளுக்கு இது பரவாயில்லை, எடைமேடைக்குக் கூடாது. எஃப்சின்க்-கை (எழுதியது டிஸ்கில் சேர்ந்ததை உறுதிசெய்யும் செட்டிங்) ஆஃப் செய்வது இதைப் போலத் தெரிந்தாலும் முற்றிலும் வேறு. அதில் டேட்டாபேஸே சீர்செய்ய முடியாதபடி கெட்டுப்போகலாம். பருவமழையில் ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போகும் ஊரில், யுபிஎஸ் இருந்தாலும் எஃப்சின்க்-கை ஆன் நிலையிலேயே வைத்து, "மாற்றக் கூடாது, காரணம் இது" என்று ஒரு குறிப்பும் போட்டுவையுங்கள். மாற்றாத செட்டிங்குக்கும் குறிப்பு தேவைப்படும் அபூர்வமான இடம் அது.

குறிப்பைத் தமிழில் எழுதலாமா? தாராளமாக. #-க்குப் பின் வருவதை சர்வர் பொருட்படுத்தாது. யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். விண்டோஸ் நோட்பேடில் எழுதினால் 'வித் பாம்' வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கோப்பின் தலையில் சேரும் அந்த மறை எழுத்துகளால் முதல் வரியிலேயே பிழை வரலாம். இன்னொரு சிக்கல்: சர்வரில் நேரடியாக மானிட்டர் மாட்டி லினக்ஸின் வெறும் கன்சோலில் பார்த்தால் தமிழ் எழுத்து தெரியாது. நெட்வொர்க் விழுந்த ராத்திரியில் அப்படித்தான் பார்க்க நேரும். அதனால் தேதி, எண், அலகு, ரீஸ்டார்ட் வேண்டுமா என்ற சொல் ஆகியவற்றை இலக்கத்திலும் ஆங்கில எழுத்திலும், விளக்கத்தைத் தமிழிலும் வைத்துக்கொள்வது கைகொடுக்கும்.

கோப்பில்லாத செட்டிங்குகள்

அறிக்கை ரோலுக்கு மட்டும் ஒர்க் மெம் 256 எம்பி தருவதற்கு ஆல்டர் ரோல் கட்டளை போதும். நான்கே இணைப்பு என்பதால் நினைவகம் தாங்கும். ஆனால் இந்த மதிப்பு டேட்டாபேஸின் உள் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் குறிப்பு எழுத இடமில்லை. இரண்டு இடத்தில் எழுதுங்கள். முதலாவது, காமெண்ட் ஆன் ரோல் கட்டளையால் அந்த ரோலுக்கே ஒரு விளக்கம். \டியு+ அடித்தால் அது தெரியும். இரண்டாவது, எல்லா ஆல்டர் ரோல், ஆல்டர் டேட்டாபேஸ் கட்டளைகளும் காரணத்தோடு இருக்கும் ரோல்-செட்டிங்.எஸ்கியூஎல் கோப்பு. மாற்ற வேண்டுமானால் கோப்பை மாற்றி அதை ஓட்டுங்கள்; நேரடியாகக் கட்டளை அடிக்கும் பழக்கம் வேண்டாம். மேலே காட்டியபடி முதன்மைக் குறிப்பிலிருந்து இதற்கு ஒரு வழிகாட்டி வரி கட்டாயம்.

ஆல்டர் சிஸ்டம் கட்டளை போஸ்ட்கிரெஸ் 9.4-இல் வந்தது. அது எழுதுவது டேட்டா ஃபோல்டரில் இருக்கும் ஆட்டோ.கான்ஃப் கோப்பில். அங்கே கையால் குறிப்பு எழுதிப் பயனில்லை. அடுத்த ஆல்டர் சிஸ்டம் கோப்பையே திருப்பி எழுதும்போது அது போய்விடும். அவசரத்துக்கு இந்தக் கட்டளையைப் பயன்படுத்துவதில் தவறில்லை. மறுநாள் காலையில் அதே மதிப்பை 50-ஆலை.கான்ஃப் கோப்பில் காரணத்தோடு எழுதி, ஆல்டர் சிஸ்டம் ரீசெட் கொடுத்து ஆட்டோ கோப்பைக் காலி செய்துவிடுங்கள். செய்யாமல் விட்டால், பிற்பாடு ஒருவர் உங்கள் கோப்பில் எண்ணை மாற்றி, ரீலோடு செய்து, ஒன்றும் நடக்காமல் நிற்பார். போஸ்ட்கிரெஸ் 17 முதல் அலவ்_ஆல்டர்_சிஸ்டம் என்பதை ஆஃப் செய்தால் இந்தக் கட்டளையையே தடுத்துவிடலாம். பல பேர் தொடும் சர்வரில் அது நல்ல ஏற்பாடு.

ரீலோடு செய்வதற்கு முன்

கோப்பைச் சேமித்ததும் பிஜி_ஃபைல்_செட்டிங்ஸ் வியூவில் எரர் என்ற பத்தியைப் பாருங்கள். கோப்பை இன்னும் சர்வர் ஏற்றுக்கொள்ளாதபோதே பிழையைக் காட்டிவிடும். 4ஜிபி என்பதில் பி எழுத்தைச் சிறிய எழுத்தாக அடித்தால் அலகு செல்லாது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அந்தப் பிழையோடு ரீலோடு செய்தால், லாகில் ஒரு வரி எழுதிவிட்டு அது பழைய மதிப்பிலேயே ஓடும். யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் கழித்துக் கரண்ட் போய் மெஷின் திரும்பி வரும்போது, அதே பிழையால் போஸ்ட்கிரெஸ் எழுந்திருக்காது. காரணம் இரண்டு வாரத்துக்கு முந்தையது என்று அப்போது எவருக்கும் தோன்றாது.

ரீஸ்டார்ட் தேவைப்படும் செட்டிங்கை மாற்றியிருந்தாலும் அதே எரர் பத்தியில் 'பயன்படுத்த முடியவில்லை' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அது பிழையல்ல. ரீலோடுக்குப் பின் பிஜி_செட்டிங்ஸில் பெண்டிங்_ரீஸ்டார்ட் ட்ரூ என்று இருப்பவற்றைக் குறித்துக்கொண்டு, லாரி வராத நேரத்தில் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

தற்காலிக மாற்றத்துக்குத் தனிக் கோப்பு

சீசனில் பதிவு கூடும்போது லாகில் செக்பாயிண்ட் (நினைவகத்தில் மாறியவற்றை டேட்டா கோப்புகளில் எழுதி முடிப்பது) அடிக்கடி நடக்கிறது என்ற எச்சரிக்கை வரும். மேக்ஸ்_வால்_சைஸ் இயல்பான 1 ஜிபியிலிருந்து 4 ஜிபிக்கு ஏற்றினால் அது அடங்கும், ரீலோடு போதும். ஆனால் அதற்கு விலை உண்டு: சர்வர் திடீரென்று விழுந்து எழும்போது, திரும்ப ஓட்ட வேண்டிய வால் பதிவு கூடுவதால் மீண்டுவர நேரம் பிடிக்கும். தை மாசியில் பொறுத்துக்கொள்ளலாம், மழைக்காலத்தில் கஷ்டம்.

இப்படிப்பட்டதை 50-ஆம் கோப்பில் கலக்காதீர்கள். 90-சீசன்.கான்ஃப் என்று தனியாக வைத்து, முதல் வரியில் முடிவுத் தேதியை எழுதுங்கள்: "2025-03-31 வரை. அதன்பின் இந்தக் கோப்பையே நீக்கி ரீலோடு." கோப்பை நீக்கினால் மதிப்பு 50-ஆம் கோப்பில் உள்ளதற்கோ இயல்புக்கோ தானாகத் திரும்பும். முந்தைய மதிப்பு என்னவென்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. முடிவுத் தேதி இல்லாத தற்காலிக மாற்றம் ஐந்து வருடம் இருக்கும். அதைப் பல சர்வர்களில் பார்க்கலாம்.

யார் எங்கிருந்து இணையலாம்: பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப்

இதில் வரிசைதான் எல்லாம். மேலிருந்து கீழே பார்த்து முதலில் பொருந்தும் வரியோடு நின்றுவிடும். அந்த வரியில் பாஸ்வேர்டு தவறினால் அடுத்த வரிக்குப் போகாது. ஒவ்வொரு வரிக்கும் மேலே அந்த ஐபி யாருடையது, எந்த அறை, எப்போது சேர்த்தது என்று எழுதுங்கள். "எடைமேடை கம்ப்யூட்டர், நுழைவாயில்" என்று இருந்தால், அந்த மெஷினை மாற்றும்போது வரியையும் தைரியமாக மாற்றலாம். ஆடிட்டருக்கு மூன்று நாளைக்கென்று திறந்துவிட்ட வரிக்கு முடிவுத் தேதி கட்டாயம். போஸ்ட்கிரெஸ் 10 முதல் பிஜி_ஹெச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ் வியூவில் ரீலோடுக்கு முன் பிழை பார்க்கலாம்.

மைஎஸ்கியூஎல், மரியாடிபி வைத்திருப்பவர்களுக்கு

அடிப்படை இதேதான்: கான்ஃப்.டி ஃபோல்டரில் .சிஎன்எஃப் என்று முடியும் தனிக் கோப்பு, # போட்டுக் குறிப்பு. வேறுபாடுகளை மட்டும் சொல்கிறோம். செட் குளோபல் கொடுத்தது ரீஸ்டார்ட்டில் மறைந்துவிடும். அது பிடித்துப்போய் கோப்பில் எழுத மறந்தவர்கள் அடுத்த மின்வெட்டுக்குப் பின்தான் கண்டுபிடிப்பார்கள். மைஎஸ்கியூஎல் 8.0-இல் வந்த செட் பெர்சிஸ்ட், டேட்டா ஃபோல்டரில் மைஎஸ்கியூஎல்டி-ஆட்டோ.சிஎன்எஃப் என்ற ஜேசான் கோப்பில் எழுதும். அது மற்றக் கோப்புகளை மீறும். மரியாடிபியில் இந்த வசதி கிடையாது. மைஎஸ்கியூஎல்-இல் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவின் வேரியபிள்ஸ்_இன்ஃபோ டேபிள் எந்தக் கோப்பிலிருந்து, எப்போது, எந்த யூசர் வைத்தது என்பது வரை சொல்லும். 'யார்', 'எப்போது' இரண்டும் கிடைத்துவிடும். 'ஏன்' மட்டும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

கோப்புக்கு எல்லோரும் எழுதலாம் என்ற அனுமதி இருந்தால் மைஎஸ்கியூஎல் அதைப் படிக்காமல் ஒதுக்கிவிடும். குறிப்பு எழுத வசதியாக இருக்கட்டுமென்று 777 கொடுப்பவர்கள் உண்டு. அந்தக் கோப்பில் உள்ள செட்டிங் எதுவும் செல்லாமல் போய்விடும். இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட் என்பதை 1-லிருந்து 2 ஆக்கினால் கரண்ட் போகும்போது சுமார் ஒரு விநாடி வேலை தொலையலாம். மேலே சின்க்ரனஸ் கமிட்டுக்குச் சொன்னது அப்படியே இதற்கும் பொருந்தும்.

பழைய கதையெல்லாம் கிட்டில்

கோப்பில் இருக்க வேண்டியது இன்றைய காரணம் மட்டும். ஒரே செட்டிங்குக்கு ஆறு முறை மாற்றிய வரலாறும் அதே இடத்தில் அடுக்கிக்கொண்டே போனால் கோப்பு படிக்கத் தகாததாகிவிடும். வரலாறுக்கு கிட் (கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்துவைக்கும் கருவி) இருக்கிறது. உபுண்டுவில் எட்ஸிகீப்பர் நிறுவினால் எட்ஸி ஃபோல்டர் முழுவதும் கிட்டில் வந்துவிடும்; தினமும் ஒரு முறையும், பேக்கேஜ் நிறுவும்போதும் தானாக கமிட் செய்யும், அதாவது மாற்றத்தை கிட்டில் பதிவு செய்யும். ஆனால் அந்தத் தானியங்கி கமிட்டில் காரணம் இருக்காது. மாற்றியவுடன் நீங்களே ஒரு வரியோடு கமிட் செய்யுங்கள்.

கிட்டில் போடுமுன் பாஸ்வேர்டு இருக்கிறதா என்று பாருங்கள். ரெப்ளிகாவில் (முதன்மை சர்வரின் நகலாக ஓடும் சர்வர்) பிரைமரி_கனெக்இன்ஃபோ வரியில் அது ஒளிந்திருக்கலாம். டேட்டா ஃபோல்டரை முழுதாக நகலெடுக்கும் பேஸ்பேக்கப் கட்டளையில் -ஆர் கொடுத்தால் அந்த வரி ஆட்டோ.கான்ஃபில் எழுதப்படும். எட்ஸி ரெப்பாசிட்டரியைப் பொதுவான எந்த கிட் தளத்துக்கும் தள்ளாதீர்கள்.

லினக்ஸ் பக்கத்து செட்டிங்குகளும் இதில் சேரும். ஓவர்கமிட், ஹியூஜ் பேஜஸ் போன்ற நினைவக செட்டிங்குகளை சிஸ்சிடிஎல்.டி ஃபோல்டரில் டேட்டாபேஸ் பெயரிட்ட தனிக் கோப்பில், அதே ஐந்து விவரத்தோடு வையுங்கள். ஆப்பின் பூல் அளவு ஆப்பின் கோப்பில்தான் இருக்கும். அங்கே "இதை மாற்றினால் மேக்ஸ் கனெக்ஷன்ஸ் கூட்டலையும் பார்" என்று ஒரு வரி. கிளவுடில் அமேசான் ஆர்டிஎஸ் (அமேசானே நடத்தித் தரும் டேட்டாபேஸ்) வைத்திருந்தால் எட்ஸி ஃபோல்டரே உங்கள் கையில் இல்லை. பாராமீட்டர் குரூப்பில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் குறிப்பு எழுத இடம் கிடையாது. கிளவுட் ஏற்பாட்டைக் கோப்பாக எழுத உதவும் டெர்ராஃபார்மின் கோப்பில் குரூப்பை எழுதி, குறிப்பை அங்கே போடுவதே வழி.

பேக்கப்பில் செட்டிங் வராது

பிஜி_டம்ப் (ஒரு டேட்டாபேஸின் நகலை எடுக்கும் கட்டளை) எடுத்துவிட்டோம், எல்லாம் பத்திரம் என்ற நம்பிக்கை பல பேரைக் கவிழ்த்திருக்கிறது. அதில் போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃபும் ஹெச்பிஏ கோப்பும் இல்லை. ரோல்களும் அவற்றின் தனி மதிப்புகளும் பிஜி_டம்ப்ஆல் கட்டளையில் குளோபல்ஸ்-ஒன்லி கொடுத்தால்தான் வரும். பேஸ்பேக்கப் டேட்டா ஃபோல்டரை அப்படியே எடுக்கும், ஆட்டோ.கான்ஃப் வந்துவிடும், ஆனால் உபுண்டுவில் எட்ஸிக்குள் இருக்கும் உங்கள் 50-ஆலை.கான்ஃப் வராது. ரெட்ஹாட்டில் பழகியவர் உபுண்டுவுக்கு மாறும்போது இங்கேதான் சறுக்குவார். தினசரி பேக்கப் ஸ்கிரிப்டில் எட்ஸியின் போஸ்ட்கிரெஸ் ஃபோல்டரையும் ரோல்-செட்டிங் கோப்பையும் குளோபல்ஸ் டம்பையும் சேர்த்துவிடுங்கள். மூன்றும் சேர்ந்தாலும் பெரும்பாலும் சில நூறு கேபிதான்.

கோப்பும் ஓடும் சர்வரும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க, மேலே கொடுத்த பிஜி_செட்டிங்ஸ் குவெரியின் விடையையும் \டிஆர்டிஎஸ் விடையையும் மாதம் ஒரு முறை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி, சென்ற மாதத்ததோடு டிஃப் கட்டளையால் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் வரும் ஒவ்வொரு வரிக்கும் கோப்பில் ஒரு காரணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே மாற்றியவரைக் கேட்டு எழுதிவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் என்றால் அவருக்கு நினைவிருக்கும்.

காகிதத்தில் ஒரு பக்கம் தேவைப்படும். மெஷின் எழுந்திருக்காதபோது எந்தக் கோப்பும் திறக்காது. சர்வரின் பெயர், போஸ்ட்கிரெஸ் பதிப்பு, போர்ட், கான்ஃபிக் பாதை, டேட்டா பாதை, பேக்கப் எந்த டிஸ்கில், யாரை அழைக்க வேண்டும் என்பவை மட்டும். செட்டிங் மதிப்பு எதையும் அதில் எழுத வேண்டாம். அச்சான எண் அடுத்த மாற்றத்தில் பொய்யாகிவிடும். பாஸ்வேர்டும் கூடாது. லேமினேட் செய்து, தண்ணீர் ஏறாத உயரத்தில், சர்வர் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.